விபூதி போட்டுத் தேய்த்த ரூபாய்

வேலூரிலிருந்து ஆரணி போகும் சாலையில், ஜவ்வாது மலையடிவாரத்து ஊர் கண்ணமங்கலம். இந்தப் பக்கம் பழைய வெள்ளி ரூபாயை விற்க வருகிறவர்கள் அதை அப்படியே கொண்டுவருவதில்லை. விபூதி போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆக்கித்தான் நீட்டுவார்கள். ஊரில் காசு சேர்க்கும் ஒருவருக்கு அந்தப் பளபளப்பைக் கண்டாலே பகீரென்கிறது.

லென்ஸில் பார்த்தால் காரணம் புரியும். ராஜாவின் கன்னத்தில் மயிரிழை போன்ற கீறல்கள் ஒரே திசையில் ஓடும். எழுத்துகளின் இடுக்கில் காலம் படியவைத்த கருமை போயிருக்கும். சில காசுகளின் விளிம்பில், மாலையில் கோப்பதற்காகக் காது பற்றவைத்த தழும்பும் தெரியும்.

இப்படிப்பட்ட காசை, தரத்தை மதிப்பிடும் அமெரிக்க கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பினால் பெரும்பாலும் தர எண் கிடைக்காது. ‘டீடெய்ல்ஸ்’ என்று குறிப்பு எழுதிவிடுவார்கள். அசல்தான், ஆனால் பழுதுபட்டது என்று பொருள். அந்தத் தர எண்ணுக்கான 1 முதல் 70 வரையிலான அளவுகோலுக்கு வில்லியம் ஷெல்டன் 1949-ல் வித்திட்டது, பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக. பி.சி.ஜி.எஸ். நிறுவனம் 1986-லும் என்.ஜி.சி. நிறுவனம் 1987-லும் தொடங்கியபின், காசைச் சோதித்து, எண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடும் ‘ஸ்லாப்’ உலகமெங்கும் பரவியது.

காசைச் சோதிக்கும் தொழில் நமக்குப் புதிதல்ல. சங்க காலத்து வண்ணக்கர்கள் செய்த வேலை அதுதான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சராபுகளோ, அதாவது நாணய மாற்றுக்காரர்களோ, ரூபாயின் மேலேயே சின்ன முத்திரை குத்திப் பார்த்தார்கள். அன்றைக்கு நம்பிக்கை தந்த அந்தக் குத்து, இன்றைக்கு கிரேடைக் குறைக்கிறது.

கண்ணமங்கலத்துக்காரருக்குப் பிரியமானது ஆற்காடு ரூபாய். பெயர்தான் பக்கத்து ஊருடையது; முகலாயப் பேரரசர் பெயரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும்கூட அதை அடித்தார்கள். புதுச்சேரிக் காசில் பிறை இருக்கும். கம்பெனிக் காசில் தாமரை. கையால் அடித்த பழையவற்றில், காசாகும் உலோக வில்லையைவிட அச்சு பெரியது. அதனால் எழுத்தில் பாதி வெளியே போய்விடும். பிறையோ தாமரையோ வில்லைக்குள் முழுதாக விழுந்திருக்கிறதா என்றுதான் அவர் முதலில் பார்க்கிறார்.

ஆசைப்பட்டாலும் அதை அமெரிக்காவுக்கு அனுப்ப வழியில்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசும் தொல்பொருளே. தனியார் அதை ஏற்றுமதி செய்யக் கூடாது. ஆகவே லென்ஸ், எடைத் தராசு, நல்ல நூல்கள், நாலு விஷயம் தெரிந்த நண்பர்கள் இவைதான் துணை.

ஸ்லாப் இல்லாததால் காசின் மதிப்பு போய்விடுமா? ‘தினமலர்’ இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் வெளிக்கொணர்ந்த பாண்டியர் காசை நினைத்துக்கொள்ளலாம். தேய்ந்த செப்புக் காசுதான். ஆனால் அதில் ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் எழுதியிருந்தது. சங்க காலப் பாண்டியர் பெயரோடு காசு வெளியிட்டதற்கு அதுவே சான்றாயிற்று.

அதற்காகக் கண்ணமங்கலத்துக்காரர் ஸ்லாபுக்கு எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. 1939-ஆம் ஆண்டு ரூபாய் என்று யாராவது சொன்னால், ஸ்லாப் எங்கே என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியோடு பம்பாய் நாணயச் சாலை அடித்த கடைசி ரூபாய் அது. 1940-லிருந்து வெள்ளி பாதியாகிவிட்டது. 1939 ரூபாய் கிடைப்பது அரிது, விலையோ அதிகம். அதனால் 1938-இன் எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கும் கைகாரர்கள் உண்டு. அசல் ரூபாயைச் செதுக்கியது என்பதால் எடையும் வெள்ளியும் சரியாகவே காட்டும். லென்ஸில் கடைசி எண்ணின் வளைவைப் பார்த்தால்தான் பிடிபடும். ஸ்லாபிலும் போலி வருகிறது. பெட்டியில் உள்ள எண்ணை நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிட்டு, படத்தையும் காசையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்க்காமல் அவர் பணம் கொடுப்பதில்லை.

கைக்குக் கை மாறித் தேய்ந்த சாதாரணக் காசுக்கு கிரேடிங் செலவு காசின் விலையையே தாண்டிவிடும். அவற்றைத் திறந்தே வாங்கி, பிவிசி கலக்காத உறைகளில் போட்டு வைக்கிறார். தேய்த்துக் கொண்டுவந்த ரூபாய்க்கு வெள்ளி விலைதான். விற்க வருகிறவர்களிடம் அவர் கெஞ்சிக் கேட்பது ஒன்றே ஒன்று: “அடுத்த தடவை துடைக்காமக் கொண்டாங்கம்மா, கூடப் போட்டுத் தர்றேன்.”