எங்கள் வீட்டிற்கு வண்டி வந்த வரலாறு

மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவன் அதன் நிறத்தைக் கண்டு மயங்குவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பான்; சுழி பார்ப்பான்; நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பான். தன் வீட்டு வைக்கோற்போரின் உயரத்தையும் மனத்தால் அளந்துகொண்ட பின்னரே, துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவான். இந்த ஞானம் எங்கள் பாட்டனாரிடம் நிரம்ப இருந்தது. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயிலும் என்னிடம் அஃது இல்லை என்பதை 2025-ஆம் ஆண்டுத் தீபாவளியை ஒட்டி யான் உணர்ந்துகொண்டேன். அவ்வரலாற்றை நண்பர்களுக்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தஞ்சையிலிருந்து புதுக்கோட்டை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது கந்தர்வக்கோட்டை. அதற்கு ஐந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளியது எங்கள் சிற்றூர். செம்மண் பூமி, முந்திரியே பலருக்குச் சீவனம். 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கரையேறிய கஜா புயல், எங்கள் தோப்பில் பாதிக்கு மேற்பட்ட மரங்களை வேரோடு சாய்த்துவிட்டது. பின்னர் நட்ட கன்றுகள் வளர்ந்து காய்த்து, சிறுகச் சிறுகச் சேர்ந்த தொகை எழுபதாயிரம் ரூபாய். “இனி ஒரு வண்டி வாங்கிவிடலாம்” என்று தந்தையார் ஒரு நாள் இரவு கூறியபோது, யான் அடைந்த உவகைக்கு அளவில்லை. அவ்வண்டி எனக்கே என்பதில் அணுவளவும் சந்தேகம் எனக்கு எழவில்லை.

யான் விரும்பியது உயர்ந்த ரக மோட்டார் சைக்கிள். அவ்வாண்டு செப்டம்பர் 22 முதல் இத்தகைய வண்டிகளின் மீதான சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருந்தமையால், விலையில் நூற்றுக்குப் பத்து குறையும் என்று மகிழ்ந்திருந்தேன். உண்மையில் குறைவது எட்டு ரூபாய்கூட இல்லை. வரி அடிப்படை விலையின்மீது கணக்கிடப்படுவது. 128 ரூபாய்க்கு விற்றது 118 ஆகும், அவ்வளவே. அன்றியும், கடையில் எழுதியிருந்த விலை வேறு, வண்டி சாலையில் இறங்கும் விலை வேறு. சாலை வரி, பதிவுக் கட்டணம் ஆகியவற்றோடு, 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடும் சேர்ந்து, தொகை 1,30,000 ரூபாயை எட்டிற்று.

குறைந்த அறுபதாயிரத்திற்குக் கடன் தருவதாக ஒருவர் முன்வந்தார். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி, இரண்டாண்டுத் தவணை, மாதம் 3,100 ரூபாய். கேட்பதற்கு எளிதாகவே இருந்தது. ஆயின் மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு அறுபதாயிரத்திற்கும் கடைசிவரை கணக்கிடப்படுகிறது. கணித வகுப்பிற் கற்ற முறையால் கணக்கிட்டுப் பார்த்தேன். மெய்யான வட்டி ஏறக்குறைய 22 விழுக்காடு! மேலும், கல்லூரிக்குப் போக வர நாளொன்றுக்கு அறுபது கிலோமீட்டர். லிட்டருக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஓடினாலும் பெட்ரோலுக்கு மாதம் மூவாயிரத்தை ஒட்டிச் செலவாகும். தவணையும் பெட்ரோலும் சேர்ந்தால் மாதம் ஆறாயிரம். அப்பொழுதும் என் ஆசை தணியவில்லை.

நிற்க. மின்சார வண்டியைப் பற்றியும் ஆலோசித்தோம். ஓட்டுவதற்குச் செலவு மிகக் குறைவு என்பது உண்மையே. தந்தையாரோ, கஜா புயலுக்குப் பின் எங்கள் பகுதியிற் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருண்டு கிடந்ததை நினைவூட்டினார். அத்தகைய புயல் ஆண்டுதோறும் வருவதன்று என்று யான் மறுத்தேன். “வண்டி பழுதானால் பார்க்க நம் ஊரில் யார் இருக்கிறார்?” என்று அவர் கேட்டதற்கு எனக்கு விடை தெரியவில்லை.

இவ்வாறு விலை, வரி, வட்டி, எரிபொருள், பழுது எனப் பத்திகள் பிரித்து நோட்டுப் புத்தகத்தில் யான் எழுதி வைத்திருந்ததை, என் அன்னையார் கையில் வாங்கி நெடுநேரம் படித்தார். பின்னர், “தம்பி, எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். இன்னும் ஒரு பத்தி சேர்த்துக்கொள். இந்த வண்டியை அம்மாவால் ஓட்ட முடியுமா?” என்றார்.

யான் வாயடைத்து நின்றேன்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் எழுத்தறிவோடு சைக்கிளும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிள் ஏறிய அவ்வரலாற்றைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-இல் வெளியான தம் நூலில் எழுதியுள்ளார். பெண்களுக்குரிய சைக்கிள் போதிய அளவு கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே அவர்கள் ஓட்டினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதனையே விரும்பியவரும் உண்டு. பதினாறு வயதில் அவ்வாறு கற்றவர்களுள் என் அன்னையாரும் ஒருவர். அந்தக் குறுக்குக் கம்பியில் அமர்ந்தே யான் ஆரம்பப் பள்ளிக்குச் சென்றேன். அதே சைக்கிளின் பின்னால் வறுத்து உடைத்த முந்திரிப் பருப்பைக் கட்டிக்கொண்டு, இத்தனை ஆண்டுகளாக அவர் கந்தர்வக்கோட்டைக்குச் சென்று விற்று வருகிறார். எழுபதாயிரத்தில் பெரும்பகுதி அச்சக்கரங்கள் ஈட்டியது. முழங்கால் தேய்ந்துவிட்டது, இனிச் சைக்கிள் மிதிக்கலாகாது என்று மருத்துவர் கூறி ஆறு மாதமாயிற்று என்பதைத் தந்தையார் அப்பொழுதுதான் எனக்குத் தெரிவித்தார். வண்டியின் அவசியம் யாருக்கு என்பதை யான் கேட்கவே இல்லை!

மறுநாள் புதுக்கணக்கு எழுதினேன். 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 வண்டியின் வழித்தோன்றலான எக்ஸ்.எல். 100-ஐத் தெரிந்தெடுத்தோம். அதற்குக் கியர் மாற்றும் தொல்லை இல்லை. இருக்கைக்கு முன்னே சாக்கு மூட்டை வைக்கத் தட்டையான இடம் உண்டு. எங்கள் ஊர் மரத்தடி மெக்கானிக்குக்கும் அதன் நாடி தெரியும். கடனின்றி வாங்கி, மிஞ்சிய பணத்தில் தலைக்கவசம் இரண்டும் வாங்கினோம். அன்னையார் பழகுநர் உரிமம் பெற்று, பத்தே நாளிற் பழகிவிட்டார். சைக்கிளிற் கற்ற சமநிலை முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கைகொடுத்தது.

யான் இன்றும் பேருந்திலேயே கல்லூரிக்கு வருகிறேன். தோழர் சிலரின் மோட்டார் சைக்கிள் கடந்து செல்லும்போது மனம் சற்றே பின்தொடர்வது உண்டு, அதை மறைப்பானேன்? ஆயினும் மாலையில் கந்தர்வக்கோட்டையில் இறங்கும்போது, காலிக் கூடையுடன் அன்னையார் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருப்பார். “ஏறிக்கொள், தம்பி” என்பார்.

வண்டி வாங்க எண்ணும் நண்பர்களே, நோட்டில் எத்தனைப் பத்திகள் வேண்டுமாயினும் பிரித்துக்கொள்ளுங்கள். அவ்வண்டி யாருக்கு, எதைச் சுமப்பதற்கு என்னும் பத்தியை மட்டும் முதலில் எழுதுங்கள். யான் அதனைக் கடைசியில் எழுதினேன். அதுவும் அன்னையார் சொன்ன பின்னரே எழுதினேன்.