ஒரு வெள்ளிக் கணக்கு

அப்பா போன பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். வேட்டி, ஜெபமாலை இவற்றுக்கெல்லாம் அடியில் மூன்று காகிதங்கள் கிடந்தன. ஒன்று குடியுரிமைப் பத்திரம். மற்றொன்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சீட்டு. மூன்றாவது, உள்ளங்கை அகலத்தில் பழுப்பேறிய ஒரு ரசீது. 'தமிழ் எங்கள் உயிர்' நிதி, ஒரு வெள்ளி. அப்பாவின் பெயரில் 'ர' வரவேண்டிய இடத்தில் 'ற' விழுந்திருந்தது.

அது ஐம்பதுகளின் கதை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை வரப்போகிறது என்றபோது, அங்கே முதலிடம் வடமொழிக்கா தமிழுக்கா என்று பெரிய வழக்கு நடந்தது. சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' நடத்திய கோ. சாரங்கபாணி தமிழுக்காக மல்லுக்கு நின்றார். தமிழ் நூல்கள் வாங்க நிதி திரட்டினார். தோட்டம் தோட்டமாகக் காசு சேர்ந்தது. விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுக்க நின்று, பிறகு மரம் மரமாய்ச் சீவிப் பால் எடுத்தவர்கள் கொடுத்த காசு அது. அப்பாவின் பங்கு ஒரு வெள்ளி.

அந்தத் துறையின் தலைவராக 1961இல் ஒரு பேராசிரியர் வந்தார். அவர் கத்தோலிக்கக் குருவும்கூட என்று தெரிந்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தனிநாயகம் அடிகள். பேப்பரில் வந்த அவர் படத்தைக் கத்தரித்து, அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் சோற்றுப் பசை தடவி ஒட்டினார். வெள்ளை அங்கி, மூக்குக் கண்ணாடி. "நம்ம காசுல சம்பளம் வாங்குற சாமிடா" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். சம்பளம் இல்லையப்பா, அந்தக் காசு புத்தகத்துக்குப் போனது என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவே இல்லை.

எங்களுக்குச் சாமியார் என்றால் ஞாயிற்றுக்கிழமைதான். தோட்டத்து லோரியில் ஏறி, இன்று தெலுக் இந்தான் என்கிற தெலுக் ஆன்சனுக்குப் போவோம். 1982இல் பெயர் மாறியும் எங்கள் வாய் இன்னும் மாறவில்லை. சாய்ந்த கோபுரத்தைக் கடக்கும்போது அது எங்கள் லோரி மேலேயே விழப்போகிறது என்று தங்கை கண்ணை மூடிக்கொள்வாள். அந்தோணியார் கோவிலில் சாமியார் எங்களுக்கு முதுகு காட்டி நின்று லத்தீனில் பூசை வைப்பார். ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் எந்த இடத்தில் மண்டியிட வேண்டும், எங்கே எழுந்திருக்க வேண்டும் என்பது முழங்காலுக்கே தெரியும். வத்திக்கான் சங்கம் முடிந்த கையோடு சாமியார் எங்கள் பக்கம் திரும்பினார், பூசையும் தமிழுக்கு வந்தது. பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு லேசாகப் புரிகிறதே, இது பூசைதானா என்று கேட்டாள்.

தனிநாயகம் அடிகளின் பாதையும் லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்ததுதான். பின்னாளில் தமிழாசிரியராகி அவரைப் பற்றித் தேடிப் படித்தபோது அது எனக்குத் தெரிந்தது. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பொன்னில் 1913இல் பிறந்தவர். ரோமாபுரியில் படித்து 1938இல் குருப்பட்டம் பெற்றார். தமிழை ஊன்றிக் கற்றது அதற்குப் பிறகு, திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில். முப்பது வயதைத் தாண்டி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. மாணவராகப் போய் உட்கார்ந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளரானார். பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை என்பதுதான் லண்டனில் அவர் செய்த முனைவர் ஆய்வு. அவரை மாநாட்டு மேடையில் மட்டுமே நினைவு வைத்திருக்கிறோம். வகுப்பறையைப் பற்றி யோசித்த அந்த மனிதரைச் சௌகரியமாக மறந்துவிட்டோம். ஓர் ஆசிரியனுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கத்தானே செய்யும்.

அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பழம்புத்தக வேட்டை. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தார். அது 1966இல் கோலாலம்பூரில் அப்படியே படியெடுத்து வெளியிடப்பட்டது. அதே 1966 ஏப்ரலில்தான் முதல் உலகத் தமிழ் மாநாடும் அங்கே கூடியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் டில்லியில் அறிஞர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் முதல் மாநாடு அது. அந்த மன்றத்துக்கு முன்னின்று உழைத்தவர் அடிகள்.

எனக்கு அப்போது வயது பதினாறு. எப்படியும் போய்விடுவது என்று இருந்தேன். தாப்பா ரோடு வரை கிளை ரயில், அங்கிருந்து கோலாலம்பூர் ரயில். அப்பாவும் பத்து வெள்ளி எடுத்து வைத்திருந்தார். அந்த மாதம் பார்த்து, பக்கத்துத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. துண்டாடல் என்றால் என்ன என்று எங்கள் லயத்தில் குழந்தைக்கும் தெரியும். வேலை போகும், வீடு போகும், குடும்பம் நடுரோட்டில் நிற்கும். அதற்கு எதிராகத்தான் சுங்கை சிப்புட்காரர் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்ட வேண்டும். அப்பாவுக்கு ஒரு தவணை நின்றுபோயிருந்தது. என் ரயில் காசு அங்கே போயிற்று. ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மாநாட்டுச் செய்தி வந்த பேப்பரைக் கடையிலிருந்து வாங்கி வந்து, என் தலைமாட்டில் வைத்துவிட்டு வெட்டுக்குப் போனார்.

அடிகள் 1969இல் மலாயாவை விட்டுப் போனார். எங்கள் வீட்டுச் சுவரில் படம் மட்டும் இருந்தது. பசையைத் தின்ன வந்த கரப்பான் ஒரு காதையும் சேர்த்துத் தின்றிருந்தது. தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயத்தை விட்டு நாங்கள் டவுனுக்கு வந்தபோது படம் சுவரோடு போயிற்று.

1980 செப்டம்பரில் அவர் யாழ்ப்பாணத்தில் காலமான செய்தியை நான்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுநாள் சட்டையை மாட்டிக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பினார். நான் சைக்கிளில் பின்னால் போனேன். இறந்தவருக்குப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்றார். சாமியார் நோட்டைத் திறந்து பெயரை எழுதிக்கொண்டு, "சொந்தமா?" என்று கேட்டார்.

"இல்லங்க சாமி. ஒரு வெள்ளிக் கணக்கு இருக்கு."

சாமியார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அப்பா மடியிலிருந்து ஐந்து வெள்ளித் தாளை எடுத்து, நீவிவிட்டு, நோட்டின் மேல் வைத்தார்.