உடைந்த வளையல்களின் ஊர்

குப்பை என்னும் சொல்லுக்கு இன்று கழிவு என்னும் பொருளே மக்கள் வழக்கில் மேலோங்கி நிற்கிறது. முன்னர்க் குவியல் எதனையும் அச்சொல் குறித்தது. நெற்குப்பை என ஓர் ஊரே சிவகங்கை மாவட்டத்தில் உண்டு. வகுப்பில் இதனை விளக்கும்போது மாணவர் சிரிப்பர். எனக்கோ சண்டிகர் நகரத்துப் பாறைத் தோட்டம் நினைவில் எழும். கருத்தரங்கு ஒன்றிற்காகச் சென்றிருந்தபோது அதனைக் கண்டேன்.

அதனை ஆக்கியவர் நேக் சந்த். 1924இல், இன்று பாகிஸ்தானில் உள்ள சக்கர்கர் வட்டாரத்துச் சிற்றூரில் பிறந்தவர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினை அவர் குடும்பத்தை எல்லை கடக்கச் செய்தது. பின்னர்ச் சண்டிகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளராகப் பணியாற்றினார். லெ கொர்புசியே வகுத்தளித்த புதுநகர் அப்போது எழுந்துகொண்டிருந்தது. நேர்க்கோடுகளும் சிமெண்டுச் சுவர்களுமாக எழுந்த அந்நகருக்கு இடம்விட்டுப் பழைய சிற்றூர்கள் பல மண்ணோடு மண்ணாயின. அவ்விடிபாடுகளில் கிடந்த பானை ஓடுகளையும் பீங்கான் துண்டுகளையும் நேக் சந்த் தம் மிதிவண்டியில் ஏற்றிச் சென்றார். தன் ஊரை இழந்த ஒருவர் ஊரிழந்த பிறரின் அடுக்களைச் சிதறல்களைப் பொறுக்கிச் சேர்த்தார் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

1957 அளவில் தொடங்கிய இவ்வேலை ஏறத்தாழ 15 ஆண்டுகள் மறைவாகவே நடந்தது. இடமோ சுக்னா ஏரியை அடுத்த, கட்டடம் எழுப்பக் கூடாதென ஒதுக்கப்பட்ட அரசுக் காடு. பகலெல்லாம் அலுவல், மாலையும் இரவும் தோட்டம். பழைய மிதிவண்டிச் சட்டங்களை எலும்பாக்கி, சிமெண்டைத் தசையாக்கி, மேற்பரப்பில் வளையலையும் ஓட்டையும் தோலாகப் பதித்தார். மின்கம்பத்துப் பீங்கான்கள், கழிப்பறைக் கோப்பைகள், தார்ப் பீப்பாய்கள் எவையும் அவர் கைக்குத் தப்பவில்லை.

அங்கே என்னை நெடுநேரம் நிறுத்தியவை வளையல் உடுத்த பெண் உருவங்களே. எங்கள் இல்லத்தில் பெருநாளைக்கு வாங்கும் கண்ணாடி வளையல் உடைந்தால் எவரும் வருந்தார். என் தமக்கையார் (ராத்தா என்றே அழைப்போம்) அத்துண்டுகளை மெழுகுவத்திச் சுடரில் வாட்டி வளைத்து, ஒன்றனுள் ஒன்றாகக் கோத்துச் சங்கிலியாக்கி வாசலில் தொங்கவிடுவார். அதனைக் கலை என்று எவர் சொன்னார்? பெண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றே தள்ளினோம். உடன் வந்த நண்பரும் நேக் சந்தின் உருவங்களை நோக்கி, “பொம்மைக் கடை போல் இருக்கிறதே” என்றார். பொம்மைதான், அதிலென்ன தாழ்வு? விலையுயர்ந்த கல்லில் வடித்தால் சிற்பம், வளையலில் வடித்தால் விளையாட்டு என்பது பொருளின் விலையைக் கலையின் விலையாகக் கொள்ளும் கணக்கு. எனினும் அங்குள்ளவை யாவும் ஒரே தரத்தன அல்ல. பின்னாளில் எழுந்த பெரிய வளைவுகளிலும் ஊஞ்சல் முற்றத்திலும் திருவிழாக் களிப்பு உண்டு. தொடக்கப் பகுதியின் தனிமையும் மௌனமும் இல்லை.

1970களின் முற்பகுதியில் அதிகாரிகள் இதனை அறிந்தனர். அனுமதியின்றி அரசு நிலத்தில் எழுந்த கட்டுமானம். இடித்துத் தள்ளச் சட்டம் இடந்தந்தது. நேக் சந்தின் வேலைக்கும் ஆபத்து. ஆயினும் பார்த்தவர் வியந்தனர், பொதுமக்கள் துணைநின்றனர். 1976இல் தோட்டம் முறையாகத் திறக்கப்பட்டது. அவருக்கே அதன் பொறுப்பும் ஊதியமும் 50 தொழிலாளரும் தரப்பட்டன. விதியை மீறியவருக்கே அவ்விதி பதவி கொடுத்த இத்தகைய நிகழ்ச்சி நம் நாட்டில் அரிது. 1984இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

விருதோடு தொல்லை தீரவில்லை. சாலை அமைக்கவென 1990 அளவில் இயந்திரங்கள் வந்தபோது ஊர்மக்கள் குறுக்கே நின்று தடுத்தனர். 1996இல் அவர் வெளிநாடு சென்றிருந்த வேளையில் உருவங்கள் பல சிதைக்கப்பட்டன. திரும்பி வந்தவர், 2015இல் தம் 90ஆம் அகவையில் மறையும்வரை அத்தோட்டத்தோடே வாழ்ந்தார். அங்குள்ள வாயில்கள் பல மிகத் தாழ்ந்தவை. உள்ளே நுழைவோர் குனிந்தே ஆகவேண்டும். ‘பொம்மைக் கடை’ என்ற என் நண்பர் நெடிய உடலினர். நாங்கள் வெளியேறுவதற்குள் மும்முறை தலையை இடித்துக்கொண்டார்.