கிந்தா குட்டைகளுக்கு ஒரு படகு

மலேசியாவின் ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கில் எங்கு பார்த்தாலும் ஈயக்குட்டைகள். மண்ணை வாரி ஈயம் எடுத்த பள்ளங்களில் மழைநீர் நிறைந்து ஏரிபோல் கிடக்கிறது. 1985இல் ஈயத்தின் விலை சரிந்தபின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. 1938இல் கட்டிய ஈயம் வாரும் மிதவை இயந்திரம் ஒன்று தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிப்பொருள்.

இத்தனை நீரை என்ன செய்வது? ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடலோரத்தில் ஒரு விடை இருக்கிறது. அங்கேயும் சுரங்கத் தொழிலாளர்கள்தான், நிலக்கரி வெட்டியவர்கள், ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் படகுப் போட்டி நடத்தினார்கள். அற்றுப்போன அந்தப் பழக்கத்தை ஆன்ஸ்ட்ரதர் ஊரின் மீன்பிடி அருங்காட்சியகம் மீட்டெடுத்தது. படகு வடிவமைப்பாளர் இயன் ஆட்ரெட் 22 அடிப் படகு ஒன்றை வரைந்து கொடுத்தார். நால்வர் ஆளுக்கொரு துடுப்பு வலிப்பார்கள். ஐந்தாமவர் சுக்கான் பிடிப்பார். 'செயின்ட் அய்ல்ஸ்' என்ற இந்த வகையின் முதல் படகு 2009இல் நீரில் இறங்கியது.

படகை ஊரார் தாங்களே கட்ட வேண்டும் என்பதுதான் இதன் உயிர். அளவாக வெட்டிய ஒட்டுப்பலகைகள் வந்து இறங்கும். ஒன்றின் விளிம்பு அடுத்ததன்மேல் படியும்படி எபாக்ஸி பசையிட்டு, அது இறுகும்வரை கவ்விகளால் பிடித்து வைக்க வேண்டும். தச்சு தெரிந்த ஒருவர் இருந்தால் போதும், மற்றவர்கள் பார்த்துப் பழகிவிடுவார்கள். 2013இல் ஸ்காட்லாந்தின் அல்லபூலில் முதல் உலகப் போட்டியே நடந்துவிட்டது.

ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத் தமிழருக்கும் இப்படிச் சேர்ந்து செய்வது புதிதல்ல. பெரிய தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றதில் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன! பிறகு பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போயின. லயத்து வரிசை வீடுகளில் அடுத்தடுத்து இருந்த குடும்பங்கள் இன்று கல்யாணத்திலும் கருமாதியிலும் சந்தித்துக்கொள்கின்றன. அவர்களின் பிள்ளைகளை ஒரே கூரையின்கீழ் மாதக்கணக்கில் கூட்டிவைக்கப் படகு கட்டுவதைவிட நல்ல வேலை ஏது?

ஆனால் தோட்டத்து ரப்பர் மரம் படகு கட்ட உதவாது. ஈரத்தில் பூஞ்சை பிடித்து உளுத்துவிடும். மலாய்த் தச்சர்கள் படகுக்குத் தேடுவது செங்கால் மரத்தை. பலகையைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. ஈயக்குட்டைகள் கரையிலிருந்தே செங்குத்தாக ஆழம் போகும். உயிர்காப்பு அங்கியும் நீச்சல் பயிற்சியும் முதலில் வரட்டும், படகு பிறகு.