ராத்திரி குடிச்சது, காலையில ஊதினது

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். ஆனா அது மட்டும் காரணம் இல்ல. ஒரு விஷயத்தை எழுதலாமா வேணாமான்னு ஒரு வருஷமா மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. கடைசியில அண்ணன்கிட்டயே கேட்டேன். "எழுதுடா, நாலு பேரு படிச்சா நல்லதுதான. எம் பேரை மட்டும் போட்டுராத"ன்னாரு. அதான் இந்தப் பதிவு.

கொசுவத்தி சுத்திக்கோங்க.

போன வருஷம் ஆவணி. சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்காக திருத்தங்கல் போயிருந்தேன். தெரியாதவங்களுக்கு: சிவகாசியை ஒட்டின ஊரு, 2021-ல சிவகாசி மாநகராட்சியோட சேர்த்துட்டாங்க. நின்ற நாராயணப் பெருமாள் கோயில், தீப்பெட்டி, பட்டாசு, அச்சாபீஸ்... இதுதான் எங்க ஊரு. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அங்க ஒரு குட்டியானை (டாடா ஏஸ்தாங்க) வச்சு லோடு அடிக்கிறாரு. பேப்பர், காலண்டர் பண்டல்னு வருஷம் பூரா ஓட்டம். வீட்டுக்கு அது ஒண்ணுதான் வருமானம்.

கல்யாணம் முடிஞ்ச ராத்திரி மொட்டைமாடி. செலவு என்னோடது. பெங்களூர்ல இருந்து வந்த தம்பி வாங்கித் தரலேன்னா எப்படி? ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சு பதினொன்றரைக்கு முடிச்சோம். அண்ணன் ஒண்ணரை குவார்ட்டர். படுத்து நல்லாத் தூங்கிட்டாரு.

எனக்கு காலையில மதுரையில ரயில். அஞ்சு மணிக்கு அண்ணனை நான்தான் எழுப்பினேன். "விருதுநகர்ல விட்டுருண்ணே, அங்க இருந்து பஸ் புடிச்சுக்கிறேன்." மதினி, "இங்கயே பஸ்ஸு வருமே, அவரு தூங்கட்டும்"னாங்க. நான்தான் லேட்டாயிரும்னு சொன்னேன். அண்ணன் மூஞ்சியக் கழுவி, ஒரு டம்ளர் சுக்குக்காப்பியக் குடிச்சுட்டு பைக்கை எடுத்தாரு. "அதெல்லாம் தூங்கி எழுந்தாச்சுல்ல, இறங்கிருக்கும்."

ஆமத்தூர் தாண்டி செக்கிங். ஊதச் சொன்னாங்க. தயங்காம ஊதினாரு. 54.

எனக்கு அந்த நம்பருக்கு அர்த்தமே தெரியல. போலீஸ்காரர்தான் சொன்னாரு, 30-ஐத் தாண்டினா கேஸுன்னு. சீட்டு அடிச்சுக் குடுத்து, கையெழுத்து வாங்கி, லைசென்ஸை வாங்கிக்கிட்டு, குடிக்காத ஆளு யாராவது வந்து வண்டிய எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. சித்தப்பாவுக்குப் போன் பண்ணோம். "நீ போடா, ரயிலை விட்டுராத"ன்னு அண்ணன் என்னை அந்தப் பக்கம் வந்த பஸ்ல ஏத்தி விட்டாரு. நானும் ஏறிப் போயிட்டேன். இதை டைப் அடிக்கும்போதும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு.

ரயில்ல உக்காந்து மொபைல்ல சட்டம் படிச்சேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருக்கக் கூடாது. முதல் தடவைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 10,000 ரூபாய் அபராதம், இல்ல ரெண்டும். மறுபடி மாட்டினா ரெண்டு வருஷம் வரைக்கும், இல்ல 15,000, இல்ல ரெண்டும். முன்னாடி முதல் தடவைக்கு 2,000தான். 2019-ல சட்டத்தைத் திருத்தினாங்க, தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்ல இருந்து புதுத் தொகை. ஸ்பாட்ல கட்டிட்டுப் போற சமாச்சாரமும் இல்ல, கோர்ட்டுக்குப் போயே ஆகணும்.

அடுத்து பிரிவு 188. குடிச்சுட்டு ஓட்டத் தூண்டினவனுக்கும் அதே தண்டனை. அதாவது அடியேன். அவ்வ்வ்...

அப்புறம் கணக்கு. இஞ்சினியர் புத்தி! 270 மில்லி, 42.8 சதவீதம். சுமாரா 90 கிராம் சுத்த ஆல்கஹால். 75 கிலோ ஆளுக்கு ரத்தத்துல 180 கிட்ட ஏறும். உடம்பு அதை மணிக்கு ஏறக்குறைய 15 வீதம்தான் இறக்கும். தூங்கினாலும் அதே 15, சுக்குக்காப்பி குடிச்சாலும் அதே 15. ராத்திரி ஒம்பதுல இருந்து காலை அஞ்சரை வரைக்கும் எட்டரை மணி நேரம். போட்டுப் பாருங்க, மீதி 50 சொச்சம். மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு. முழுசா இறங்க காலை ஒம்பது மணி ஆகியிருக்கும்.

இவ்வளவும் தெரிஞ்ச பிறகும் நான் சும்மா இருக்கல. புரோகிராம்ல பக் தேடுற மாதிரி கேஸ்ல ஓட்டை தேடினேன். அடுத்த வாரமே லீவு போட்டுட்டு வந்து, லிஸ்ட்டோட அண்ணனைக் கூட்டிக்கிட்டு வக்கீல்கிட்ட போனேன்.

"சார், ரெண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டணுமாமே, காட்டலையே?"

"அது அரெஸ்ட் பண்ணினா தம்பி. காட்டலேன்னா காவல்ல வைக்காம விட்டுரணும், அவ்வளவுதான். இவரை அரெஸ்ட்டே பண்ணலையே."

"1971-ல சுப்ரீம் கோர்ட், வாடை அடிக்குது, தள்ளாடுறான்னு மட்டும் வச்சு குடிச்சிருக்கான்னு முடிவு பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்கு சார். பச்சுபாய் கேஸ்."

"அதுல ரத்தமோ மூத்திரமோ டெஸ்ட் பண்ணல. இங்க மெஷின் சீட்டு இருக்கு."

"மெஷினே தப்பா இருந்தா?"

"கேக்கலாம். மெஷினை எப்ப சரிபார்த்தாங்க, வாயில மருந்து, மவுத்வாஷ் எதாவது இருந்துச்சான்னு குறுக்கு விசாரணை பண்ணலாம். அதெல்லாம் குடிக்காம மாட்டினவனுக்கு உசுரு மாதிரி. ஆனா வாய்தா வாய்தாவா வரணும்." அப்புறம் என்னை விட்டுட்டு அண்ணனைப் பார்த்தாரு. "நீங்க குடிச்சீங்களா?"

"ஆமா சார். ராத்திரி."

"அப்புறம் நான் என்ன சொல்ல?"

வெளிய வந்து அண்ணன் கேட்டாரு, "நான் குடிச்சது நெசம். அதை இல்லன்னு சொல்ல உனக்கு எதுக்குடா இத்தன படிப்பு?" பதில் இல்ல.

கோர்ட்டுல அஞ்சு நிமிஷம்கூட ஆகல. குத்தத்தை ஒத்துக்கிட்டாரு, 10,000 அபராதம். அது என் பணம். கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

முடியல. பிரிவு 206-படி லைசென்ஸ் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போயிருச்சு. நோட்டீஸ் வந்துச்சு, நேர்ல போய் விளக்கம் குடுத்தாரு. மூணு மாசம் சஸ்பெண்ட். மாட்டினது பைக்ல, ஆனா லைசென்ஸ் ஒண்ணுதானே, குட்டியானையும் போச்சு. அதை மீறி ஓட்டினா பிரிவு 182, அது தனி கேஸு.

எந்த மூணு மாசம்? அக்டோபர், நவம்பர், டிசம்பர். எங்க ஊரு ஆளுங்களுக்குச் சொல்லவே வேணாம். ஆடிப்பெருக்குல ஆரம்பிச்ச காலண்டர் வேலை எல்லாம் பண்டல் பண்டலா வெளிய போற நேரம். டிரைவர்களுக்கு வருஷத்துல நாலு காசு பார்க்குற சீசன். அண்ணன் கூலிக்கு ஒரு டிரைவரைப் போட்டாரு. சொந்த வண்டியில பக்கத்து சீட்டுல உக்காந்து, லோடுமேன் வேலை பார்த்தாரு. டிரைவர் சம்பளம், டீசல், வண்டி டியூ போக மிச்சம் ஒண்ணும் பெருசா நிக்கல. நான் அனுப்புன பணத்தை மதினி திருப்பி அனுப்பிட்டாங்க. "கல்யாணத்துக்கு வந்த புள்ளகிட்ட வாங்குறதா"ன்னு ஒரே வார்த்தை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

வக்கீல் அன்னிக்கு கடைசியா சொன்னது: "மூணு மாசத்தோட போச்சேன்னு நெனைங்க. வழியில யாரையாவது இடிச்சிருந்தா?" குடிச்சு ஓட்டி விபத்தானா வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கலாம்னு 2021-ல பேர்ல் பெவரேஜஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கு. மும்பை கார்ட்டர் ரோட்டுல 2006-ல ராத்திரி ரோட்டோரம் தூங்கிக்கிட்டிருந்த ஏழு தொழிலாளர்கள் செத்துப் போனாங்க. காரை ஓட்டினவர் குடிச்சிருந்தாரு. அலிஸ்டர் பெரேரா. அது வெறும் கவனக்குறைவு இல்ல, கொலைக்குச் சமமில்லாத மரணக் குத்தம்னு சொல்லி மூணு வருஷ ஜெயிலை சுப்ரீம் கோர்ட் 2012-ல உறுதி பண்ணுச்சு. எங்க ரோட்டுல அஞ்சரை மணிக்கு டீக்கடைக்கு நடந்து போறவங்க, ஃபேக்டரி பஸ்ஸுக்கு நிக்குற பொம்பளைங்க எத்தனை பேரு! 54-ங்கிற நம்பரை நெனச்சா எனக்கு இப்ப அவங்கதான் ஞாபகம் வர்றாங்க.

இந்த ஆவணிக்கும் ஊருக்குப் போனேன். அதே மொட்டைமாடி. டம்ளரை எடுத்ததுமே அண்ணன், "எனக்கு வேணாம்டா, காலையில லோடு இருக்கு"ன்னாரு. நானும் ஓரமா வச்சுட்டேன். காலையில அஞ்சு மணிக்கு யாரையும் எழுப்பாம, மதினி போன வருஷம் சொன்ன பஸ்லயே போனேன். சீக்கிரமாவே போயிருச்சு :)

டிஸ்கி: குடிக்காமலே மெஷின்ல நம்பர் காட்டுச்சுன்னா பயப்படாதீங்க. ஊத மாட்டேன்னு மட்டும் அடம் பிடிக்காதீங்க, அதுவே உங்களுக்கு எதிராப் போகும். மருந்து எதாவது குடிச்சிருந்தா அப்பவே சொல்லிருங்க. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை ஊதுறேன், ரத்தப் பரிசோதனை பண்ணுங்கன்னு கேளுங்க. சீட்டை பத்திரமா வச்சுக்கோங்க. ஒத்துக்காம கோர்ட்டுல நில்லுங்க. குடிச்சவங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான்: மணிக்கு 15. கணக்குப் போட்டுட்டு சாவியத் தொடுங்க.