எந்த ஐ5?

ரிச்சி தெரு. சனிக்கிழமை சாயங்காலம். கண்ணாடி மேசைமேல் வரிசையாகத் திறந்து வைத்த லேப்டாப்கள். ஒவ்வொன்றிலும் கை வைக்கிற இடத்தில் நீல ஸ்டிக்கர்.

"ஐ5 போதுமா தம்பி, ஐ7 வாங்கணுமா?"

"காலேஜுக்குத்தானே சார்? ஐ5 தாராளம்."

மகள் குனிந்து விலைச்சீட்டைப் படிக்கிறாள். "அப்பா, கடைசியில யூ போட்டிருக்கு. எச் இருக்கான்னு கேளுங்க."

படிக்க வேண்டிய இடம் அதுதான்.

ஐ5-1235யூ. ஐ5-12450எச். இரண்டும் ஐ5, இரண்டும் பன்னிரண்டாம் தலைமுறை. முதலாவதில் பெரிய கோர் 2, சின்னக் கோர் 8. அடுத்ததில் பெரியது 4, சின்னது 4. கூட்டினால் 10-ம் 8-ம். விலைச்சீட்டில் கூட்டுத்தொகை மட்டும்தான் இருக்கும்.

யூ-வுக்கு 15 வாட். எச்-க்கு 45.

வீடியோ வெட்டுகிறவர்கள், பெரிய புரோகிராம் கம்பைல் செய்கிறவர்கள் எச் பக்கம் போகட்டும். வகுப்பிலிருந்து வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பிள்ளைக்கு யூ. பேட்டரி நிற்கும்.

சார்ஜர் கட்டியின் அடியில் பொடி எழுத்து. 20 வோல்ட், 3.25 ஆம்ப். பெருக்கினால் 65 வாட். 2.25 ஆம்ப் என்றால் 45. கேமிங் லேப்டாப் சிலவற்றுக்கு 230 வாட் கட்டி வருகிறது. அதையும் பையில் போட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். கடையில் லேப்டாப்பைத் தூக்கிப் பார்க்கிறோம், கட்டியைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

ஐ5-1235யூ, 2022.

ஐ5-1335யூ, 2023.

கோர் 5 120யூ, 2024. பெயரில் 'ஐ' போய்விட்டது.

மூன்றிலும் பெரிய கோர் 2, சின்னக் கோர் 8, கேஷ் 12 எம்பி. உச்ச வேகம் மட்டும் 4.4, 4.6, 5.0 கிகாஹெர்ட்ஸ் என்று ஏறியது. பழைய ஸ்டாக் என்று 1235யூவை நல்ல விலைக்குக் கொடுத்தால் யோசிக்க வேண்டாம். மிச்சப் பணத்தில் ரேம் போடலாம்.

ரேம்.

ஒரே 1235யூ. 8 ஜிபி ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் கிராபிக்ஸ் பெயர் 'யூஎச்டி' என்று காட்டும். பக்கத்து ஸ்லாட்டில் இன்னொரு குச்சி போட்டால் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்று மாறும். ப்ராசஸரைத் தொடவே இல்லை. ரேமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே பாதை இரட்டிப்பானதும் இன்டெல் கிராபிக்ஸுக்கு வேறு பெயர் வைக்கிறது. பெயர் மட்டுமல்ல, கேமும் நிஜமாகவே வேகமாக ஓடும்.

கடையில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தலாம். டாஸ்க் மேனேஜர். பெர்ஃபார்மன்ஸ். சிபியு பக்கத்தில் வலது மேல் மூலையில் ப்ராசஸரின் முழுப் பெயர். மெமரி பக்கத்தில் ஸ்லாட் கணக்கு. ரேமை போர்டிலேயே சால்டர் செய்திருந்தால் பல லேப்டாப்பில் அங்கே 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வரும்.

கடைக்காரர்கள் யாரும் இதைத் தடுத்துப் பார்த்ததில்லை.

ஏஎம்டி. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ. பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள்.

7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 2 என்றால் ஜென் 2. அந்த வடிவமைப்பு 2019-இல் வந்தது. 3 என்றால் ஜென் 3. 7520யூவில் 4 கோர், 7530யூவில் 6 கோர். முதல் இலக்கத்தின் 7 மாடல் ஆண்டைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

7520யூவுக்கு ரேம் சால்டர்தான். 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபி.

லேப்டாப்புக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். சீட்டுப் பணம். நகைக்கடன். பன்னிரண்டு மாத இஎம்ஐ. ஒரு இலக்கம் மாறியதில் ஒரு குடும்பம் ஏமாறக் கூடாது. அதற்காகத்தான் இந்த எண்களையெல்லாம் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

கோர் அல்ட்ரா 7 256வி, 258வி. இங்கே கடைசி எண் ரேமைச் சொல்கிறது. 6 என்றால் 16 ஜிபி, 8 என்றால் 32. ரேம் ப்ராசஸரோடு ஒரே தகட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதன் கோர்களைச் செய்து கொடுப்பது தைவானின் டிஎஸ்எம்சி. பெயர் இன்டெல்.

1235யூவின் 15 வாட் அடிப்படைக் கணக்கு. உச்சத்தில் 55 வாட் வரை போகும். எவ்வளவு நேரம் போகும் என்பதை லேப்டாப் செய்கிற கம்பெனி முடிவு செய்கிறது. பலவற்றில் அரை நிமிடம் போல. அப்புறம் இறங்கிவிடும். அதே ப்ராசஸர், மெல்லிய உடம்பில் ஒரு வேகம், கொஞ்சம் தடித்த உடம்பில் இன்னொரு வேகம்.

ஃபேன் சத்தம் எந்த விலைச்சீட்டிலும் இல்லை.

பல லேப்டாப்களின் கையேட்டில் ஒரு வரி: சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை.

வேலூர், மே மாதம். 40-ஐத் தாண்டும்.

மெத்தை மேல் வைத்துப் படிக்கிறார்கள். காற்று உள்ளே போகிற துளை அடியில்.

2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது. தூசி அடைக்க ஒன்றுமில்லை.

என்100 ப்ராசஸர். கோர் 4, நான்கும் சின்னது. 6 வாட். டைப் அடிக்க, ஆன்லைன் வகுப்பு பார்க்க, கரண்ட் பில் கட்ட போதும். இதை மட்டமாகப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பழைய லேப்டாப் விற்கும் கடை. ஐ7-7500யூ, 2016. ஐ5-8250யூ, 2017. ஐ7-இல் 2 கோர். ஐ5-இல் 4. விலை கேட்டால் ஐ7-க்குக் கூடச் சொல்கிறார்கள்.

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த பட்டியலில் 8250யூ இருக்கிறது. 7500யூ இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது.

லினக்ஸ் போட்டால் 7500யூவும் ஓடும். நன்றாகவே ஓடும்.

'40 டாப்ஸ் என்பியு' என்று அட்டை எழுதி மாட்டியிருக்கிறார்கள். என்பியு என்பது ஏஐ வேலைக்கான பகுதி, டாப்ஸ் அதன் வேகக் கணக்கு. விண்டோஸில் கோபைலட் பிளஸ் என்று பெயர் போட்டுக்கொள்ள அந்த 40 வேண்டும். அதற்காக மட்டும் பணம் கூடக் கொடுக்க இன்னும் காரணம் வரவில்லை.

ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப். பேட்டரி அபாரம். இன்டெல்லுக்காக எழுதிய சாஃப்ட்வேர் பெரும்பாலும் அதில் ஓடுகிறது, விண்டோஸே நடுவில் நின்று மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. டிரைவருக்கு அந்த வசதி இல்லை. ஸ்னாப்டிராகனின் ஏஆர்எம் வகைக்கு என்று தனியாக எழுதியிருந்தால்தான் உண்டு. வீட்டுப் பிரிண்டர், ஸ்கேனர், ஆடிட்டர் அலுவலகத்தின் கையொப்ப டோக்கன், எதற்கு இருக்கிறது எதற்கு இல்லை என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

கடைக்குப் போகும்போது பிரிண்டரின் மாடல் எண்ணையும் எழுதி எடுத்துக்கொண்டு போகவும்.