நாலு மணி நேரம்!

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர். விமானத்தில் நாலு மணி நேரம். திருச்சி ஜங்ஷனிலிருந்து சமயபுரம் சுமார் 15 கிலோமீட்டர். நடந்து போனால், என் தொப்பையையும் கணக்கில் சேர்த்தால், அதுவும் நாலு மணி நேரம்!

'என்ன ஸார், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறீங்க?' என்று கேட்காதீர்கள். முடிச்சைப் போட்டது அம்மா. தம்பிக்கு சிங்கப்பூரில் வேலை. "புள்ள பத்திரமா வந்து எறங்கட்டும் தாயே, பூத்தட்டு எடுத்து நடந்தே வர்றோம்" என்று சமயபுரத்தாளிடம் வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் அம்மாவுக்கு, முழங்கால் வலியும் அம்மாவுக்கு. ஆகவே, நடந்தது நான்!

மாசிக் கடைசி ஞாயிறு, பூச்சொரிதல். அன்றிலிருந்து 28 நாள், பக்தர்களுக்காக அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். இளநீர், பானகம், நீர்மோர், துள்ளு மாவுதான் நைவேத்தியம். பக்தனான நானோ திருவானைக்காவல் தாண்டுவதற்குள் இரண்டு இடத்தில் அன்னதானத்தை ஒரு கை பார்த்திருந்தேன்.

தம்பியின் விமானம் கிளம்பியது அங்கே இரவு 8 மணிக்கு. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால், நமக்கு மாலை 5.30. அதே நிமிஷம் நானும் ஜங்ஷனில் காலை எடுத்து வைத்தேன். அவன் கடலைத் தாண்ட, நான் காவிரிப் பாலம், கொள்ளிடம் பாலம், நம்பர் ஒன் டோல்கேட்...! அந்தக் காலத்தில் 'ரஜூலா', 'சிதம்பரம்' கப்பல்களில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போக ஒரு வாரம் போல ஆகுமாம். 1985-ல் தீப்பிடித்ததோடு 'சிதம்பர'த்தின் கதையும் முடிந்தது.

9.30. கோயில் பக்கம் நான் மூச்சு வாங்கி நின்றபோது செல்போன் அடித்தது. "அண்ணே, எறங்கிட்டேன்!"

அப்பாடா, ரெண்டு பேரும் ஜெயித்தோம்!

ஆனால், விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, சமயபுரம் வடக்கே. பெட்டி வாங்கி, டாக்ஸி பிடித்து, திருவிழாக் கூட்டத்தில் டோல்கேட்டோடு வண்டி நின்று, மீதியை நடந்து அவன் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. 3,000 கிலோமீட்டருக்கு நாலு மணி நேரம். கடைசி இருபதுக்கு மூன்றரை!

"எத்தனை நாள்டா லீவு?"

"அஞ்சு நாள்ணே."

மூன்று வருஷம் முன்பு அப்பா போனபோதும் இதே நாலு மணி நேரம்தான். அவனுக்கு லீவு கிடைத்து, டிக்கெட் கிடைத்து வருவதற்குள் பால் தெளிப்பே முடிந்துவிட்டது. ஆபீஸ் போகிற உங்களுக்குத் தெரியாததா? மேப்பில் இருப்பது கிலோமீட்டர் கணக்கு. நம் தூரமெல்லாம் லீவு லெட்டர் கணக்கு.

அவனுக்காகக் கொட்டாமல் வைத்திருந்த பூத்தட்டை நீட்டினேன். பூ லேசாக வாடியிருந்தது. வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். "இனிமே நான் தூக்குறேண்ணே."

வரிசையில் நின்றோம். அம்மனைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆச்சு என்கிறீர்களா?

அதேதான் ஸார். நாலு மணி நேரம்!